குனிந்து பார்க்கும் கேமரா

இருட்டறை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 35 மி.மீ. பிலிமைவிட அகலமான 120 ரோல் போடும் பெரிய கேமராக்களில் எதை வாங்குவது? திருவல்லிக்கேணியில் நான் ஸ்டுடியோவை மூடிய வருடம் இந்தக் கேள்வியோடு யாராவது படியேறி வந்திருந்தால் காபி வரவழைத்துக் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். அப்போது பிரிண்ட் போடும் என்லார்ஜரை எடைக்குப் போட்டுவிட்டு எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பது வயதைத் தொடாதவர்கள். சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் கேமராவின் பெயரை முதலில் எழுதிவிட்டு, என்ன எடுக்கப்போகிறோம் என்பதைக் கடைசி வரியில் எழுதுகிறார்கள், அல்லது எழுதுவதே இல்லை. ஒரு வாசகி மட்டும் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அவருக்கே முதல் பதில், நீளமாக.

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதிகளிலும் கோயம்பேடு பூ மார்க்கெட்டிலும் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் பெண்களை வரிசையாகப் படம் எடுத்து, பெரிய பிரிண்ட்டாகப் போட ஆசை. மூன்று வருடமாக 35 மி.மீ. பிலிமில் எடுத்துவருகிறேன். சேமிப்பு 70,000 ரூபாய். நண்பர்கள் ஹாசல்பிளாட்தான் என்கிறார்கள். விற்பனையாளர் ஒருவர் மாமியா ஆர்பி67 போல வராது என்கிறார். 6×4.5 சென்டிமீட்டர் நெகட்டிவ் போதும், ரோலுக்கு அதிகப் படம் வரும் என்று இன்னொருவர். குழம்பிப்போயிருக்கிறேன், ஐயா.
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: அம்மா, மூன்று பேரும் உங்களிடம் நெகட்டிவ் அளவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். நான் உங்கள் கடிதத்தில் ‘உட்கார்ந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்.

பூக்காரம்மா ஒரு பலகையிலோ கவிழ்த்துப்போட்ட கூடையிலோ உட்கார்ந்திருப்பார். அவருடைய கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நீங்கள் நின்றபடி கேமராவைக் கண்ணில் வைத்தால் லென்ஸ் ஐந்தடி உயரத்தில் நிற்கிறது. படத்தில் நெற்றி பெருத்து, மோவாய் சிறுத்து, அவர் அண்ணாந்து பார்ப்பார். பின்னணியில் வீதி வராது. தரையும், போகிறவர் வருகிறவர் செருப்பும் வரும். வயிற்றருகே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவானால் லென்ஸ் தானாகவே மூன்றரை அடிக்கு இறங்கிவிடுகிறது. ஒரு முழங்காலை மடித்தால் அவர் கண்ணுக்கு நேராக வந்துவிடுவீர்கள். எதிரில் இருப்பவருக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. முகத்தை மறைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் குறிபார்க்கும் ஆள் அங்கே இல்லை. தலையைத் தாழ்த்தி ஏதோ ஒரு பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார், நிமிர்ந்தால் முழு முகமும் தெரிகிறது. “என்னம்மா, பொட்டிக்குள்ள என்ன தெரியுது?” என்று அவரே கேட்பார். மூடியைத் திறந்து காட்டுங்கள். அந்தக் கண்ணாடியில் தன் தெருவைப் பார்த்த ஒருவர் அடுத்த வாரம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் அனுபவத்தில் இது தவறியதில்லை.

ஆகவே முதல் முடிவு: குனிந்து பார்க்கும் கேமரா. அந்த வகையில் மூன்று பேர் போட்டிக்கு நிற்கிறார்கள்.

ஆர்பி67 அருமையான கருவி. 1970-ல் வந்தது. 6×7 நெகட்டிவ், 35 மி.மீ. நெகட்டிவைப்போல் நாலரை மடங்கு பரப்பு. படுக்கைவாட்டிலிருந்து நெட்டுவாட்டுக்கு மாற்ற கேமராவைத் திருப்ப வேண்டாம், பின்பக்கத்தை மட்டும் சுழற்றினால் போதும். முன்புறம் துருத்தி இருப்பதால் மூக்குத்தி வரைக்கும் நெருங்கலாம். ஆனால் லென்ஸோடு சேர்த்து 2.7 கிலோ. எங்கள் ஸ்டுடியோவில் அதை ‘மாமியார்’ என்றே அழைப்போம். வீட்டுக்குள் இருந்தால் அந்தக் கம்பீரமே தனி, வெளியே அழைத்துப்போவதற்குத்தான் பலமுறை யோசிக்க வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நெம்புகோலை இழுக்க வேண்டும், கண்ணாடியையும் ஷட்டரையும் தயார் செய்ய ஒன்று, பிலிமை நகர்த்த ஒன்று. முக்காலி போட்டு, ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து எடுப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது. தெற்கு மாட வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு முக்காலி விரித்துப் பாருங்கள், இரண்டாவது நிமிடத்தில் ஆட்டோக்காரர் உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்வார்.

ஹாசல்பிளாட் 500சி/எம் ஒன்றரைக் கிலோதான். கையில் அடங்கும். அதன் உயிர், பிலிமைத் தாங்கி நிற்கும், கழற்றி மாட்டும் பின்பெட்டியான மேகசின். 1969-ல் நிலாவுக்குப் போனவர்கள் கேமராவை அங்கேயே போட்டுவிட்டு மேகசினை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்றால் எது முக்கியம் என்று புரியும். ஒரு மேகசினில் கலர், இன்னொன்றில் கறுப்பு வெள்ளை, பாதி ரோலில் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதி உங்களுக்குத் தேவையா? ஒரே வகை பிலிமில் வரிசையாக எடுக்கப்போகிறவருக்குத் தேவைப்படாது. 70,000 ரூபாய்க்கு நல்ல நிலையில் முழு செட்டும் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இதில் என் கதையும் ஒன்று உண்டு. 1993, ஐப்பசி முகூர்த்தம். என்னிடம் ஒரு ஹாசல்பிளாட், 80 மி.மீ., 150 மி.மீ. என்று இரண்டு லென்ஸ். அந்தக் கேமராவில் உடலும் லென்ஸும் இரண்டுமே முறுக்கிய நிலையில், அதாவது அடுத்த படத்துக்குத் தயாராக, இருந்தால்தான் கழற்றவோ மாட்டவோ வேண்டும். முந்தின இரவு 150-ஐத் துடைக்கும்போது பின்பக்கத் தண்டைத் திருப்பி ஷட்டரைத் தளர்த்தி வைத்தவன் நான்தான், மறந்தவனும் நான்தான். காலையில் அவசரத்தில் மாட்டினேன். பொருந்த மறுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். பாதியில் இறுகிக்கொண்டது, முன்னும் போகவில்லை பின்னும் வரவில்லை. கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து நீளமான ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு அந்தத் தண்டைத் திருப்பினால் சரியாகிவிடும் என்பது தெரியும். ஆனால் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு மாறிவிட்டார். தோளில் மாற்றாகத் தொங்கிய யாஷிகா மேட்டில்தான் தாலி கட்டும் படம் எடுத்தேன். அந்த ஆல்பத்தில் எது எந்தக் கேமரா என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. பத்து வருடம் கழித்து நெகட்டிவைப் பார்த்தபோது எனக்கே தெரியவில்லை.

என் சிபாரிசும் அதுதான்: யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் எடுப்பதற்கு. 80 மி.மீ., எஃப் 3.5 (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது). படம் 6×6 சதுரம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் சேமிப்பில் பாதியளவிலேயே முடிந்துவிடலாம். உள்ளே தூக்கி அடிக்கும் கண்ணாடி கிடையாது, அதனால் ஷட்டர் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும், கேமரா அதிராது. கோயம்பேட்டில் விடியற்காலை குழல்விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப் 3.5, நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டிவரும். கழுத்து வாரை இறுக்கிக் கேமராவைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்தினால் அந்த வேகத்திலும் படம் ஆடாது. கண்ணாடி தூக்கும் கேமராவில் இதே வேகத்தில் எனக்குப் பாதிப் படம் வீணாகும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். அறுபத்துமூவர் பல்லக்கு வலப்பக்கம் நகர்ந்தால் உங்கள் பெட்டிக்குள் இடப்பக்கம் நகரும், முதல் இரண்டு ரோலில் தலை சுற்றும், பிறகு கை பழகிவிடும். ஒரு மீட்டருக்கு உள்ளே போக முடியாது. கிட்டத்தில் எடுக்கும்போது மேல் லென்ஸ் பார்ப்பதும் கீழ் லென்ஸ் எடுப்பதும் கொஞ்சம் வேறுபடும், தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள். லென்ஸ் மாற்ற முடியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் இதே வகையில் மாமியா சி330 இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ.

6×4.5 சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. அவர் கணக்கு தவறில்லை, ரோலுக்கு 15 படம். 6×6-இல் 12, 6×7-இல் 10. சதுர நெகட்டிவை 8×10 அங்குலத் தாளில் போட இரண்டு ஓரத்தையும் வெட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 6×4.5 அளவுதான். அப்படி வெட்டப்போகிறவர் சதுரம் வாங்கிப் பயனில்லை. ஆனால் உட்கார்ந்த மனுஷியும் முன்னால் பரப்பிய கூடையும் சேர்ந்தால் கிட்டத்தட்டச் சதுரம்தான். சதுரமாகவே பிரிண்ட் போடுங்கள்.

மிச்சப் பணத்துக்கு பிலிம் வாங்குங்கள். நல்ல கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கழுவி ஸ்கேன் செய்யும் கூலியையும் சேர்த்தால் விரலை ஒருமுறை அழுத்துவதற்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

கேள்வி: பரணில் அப்பாவின் ரோலிகார்டு கேமரா கிடைத்தது. தோல் உறையோடு பத்திரமாகத்தான் வைத்திருந்தோம். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. பேரனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். துடைத்தால் போகுமா? ஷட்டரும் மெதுவான வேகங்களில் திணறுகிறது, இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமா?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மடிப்பாக்கம்)

பதில்: சார், தயவுசெய்து எண்ணெயைக் கீழே வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் விட்டுக் கொண்டுவந்த ஷட்டர்களை என் நண்பரான மெக்கானிக்கிடம் டஜன் கணக்கில் பார்த்திருக்கிறேன். ஷட்டர் இதழ்கள் காய்ந்த நிலையில் வேலை செய்வதற்காகச் செய்தவை. ஒரு சொட்டு எண்ணெய் போனாலும் அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவான வேகத்தில் திணறுவது உள்ளே பழைய மசகு கெட்டிப்பட்டதால். பிரித்துச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பேரனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: 500 வேகம் (நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு) வேண்டுமென்றால் ஷட்டரை முறுக்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். முறுக்கிய பிறகு வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது.

படர்ந்திருப்பது பூஞ்சை. நீங்கள் பத்திரம் என்று நினைத்த தோல் உறைதான் அதற்குத் தாய்வீடு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இருட்டும் ஈரமும் காற்றோட்டம் இல்லாமையும் சேர்ந்த இடம் பரண். கண்ணாடியின் மேல் படிந்த தூசியையும் கைரேகைப் பிசுக்கையும் தின்று அது வளர்கிறது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் துடைத்தால் போய்விடும். உள்ளே என்றால் லென்ஸைக் கழற்ற வேண்டும், அதை வீட்டில் செய்யாதீர்கள். துடைத்த பிறகும் வேர் போன்ற கோடுகள் மிச்சம் இருந்தால் மேற்பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்தால் அந்தக் குறை படத்தில் தெரியவே தெரியாது. எதிர்வெயிலில் மட்டும் படம் கொஞ்சம் பால் கலந்தாற்போல வரும்.

இனிமேல் உறையைத் தனியாக வையுங்கள். ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பதமானியையும் உள்ளே வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மிகவும் வறண்டாலும் மசகு காய்ந்துவிடும். நீல மணிகள் ரோஜா நிறத்துக்கு மாறினால் சூடேற்றி மறுபடி நீலமாக்கலாம், ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமையலுக்குப் பயன்படுத்தும் வாணலியில் வறுக்காதீர்கள். அரிசியில் புதைத்து வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போனால் பூஞ்சைக்கு அதுவே விருந்து.

கேள்வி: கையில் இருக்கும் போனிலேயே பத்துக் கோடி புள்ளிகள் என்கிறார்கள். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு?
(ஒரு வாசகர், அண்ணா நகர்)

பதில்: தேவையில்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: கல்யாணப் படப்பிடிப்பு செய்கிறேன். டிஜிட்டலோடு கல்யாணத்துக்கு இரண்டு ரோல் மட்டும் மீடியம் பார்மட் (120) பிலிமில் எடுத்துக் கொடுக்கலாம் என்று எண்ணம். பென்டாக்ஸ் 67-ஆ, பிரானிகா ஈடிஆர்எஸ்-ஆ?
(ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: தம்பி, பென்டாக்ஸ் 67-ஐத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண 35 மி.மீ. கேமராவை ஊதிப் பெரிதாக்கியது போல இருக்கும். பார்த்தவுடன் பிடித்துப்போகும். அதன் 105 மி.மீ., எஃப் 2.4 லென்ஸில் வரும் முகத்தைப் பார்த்து மனம் மாறாதவர்கள் குறைவு. ஆனால் உங்கள் தொழிலில் ஃபிளாஷ் உண்டே? அங்கேதான் அது காலை வாரும். அதன் ஷட்டர் பிலிமுக்கு முன்னால் ஓடும் திரை. அவ்வளவு பெரிய திரை முழுவதும் திறந்து நிற்க வேண்டுமானால் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் வேகம் போகக் கூடாது. மண்டபத்துக்கு வெளியே, பதினோரு மணி வெயிலில், பெண்ணின் கண்ணுக்குக் கீழே விழும் நிழலை ஃபிளாஷ் போட்டு நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/125, எஃப் 16. இதை 1/30-க்கு இறக்கினால் எஃப் 32 ஆகிறது. அந்த லென்ஸ் 22-க்கு மேல் மூடாது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இதற்கென்றே ஷட்டர் உள்ளே வைத்த லென்ஸ் இரண்டு பென்டாக்ஸ் செய்தது, 90-ம் 165-ம், தேடிப் பிடிக்க வேண்டும்.

பிரானிகாவில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இதழ் ஷட்டர் இருக்கிறது. 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். அதே வெயிலில் 1/500, எஃப் 8 வைத்துக்கொண்டு பின்னணியைக் கொஞ்சம் மங்கலாகவும் வைத்துக்கொள்ளலாம். ரோலுக்கு 15 படம், மேகசின் மாற்றலாம். உங்களுக்கு அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: குனிந்து பார்க்கும் மூடியோடு மட்டும் வாங்கிவிடாதீர்கள். 6×4.5-இல் நெட்டுவாட்டுப் படத்துக்குக் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது மேலே பார்க்கும் மூடி பக்கவாட்டில் போய்விடும், உருவம் தலைகீழாகத் தெரியும். மணமேடையில் அந்த வித்தை வேண்டாம். கண்ணில் வைத்து நேராகப் பார்க்க உதவும் பிரிசம் சேர்த்து வாங்குங்கள். ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு பையில் இருக்கட்டும். பேட்டரி போனால் பிரானிகா 1/500-இல் மட்டுமாவது வேலை செய்யும். பென்டாக்ஸ் 67 அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: 120 ரோலை வீட்டிலேயே கழுவ முயன்றேன். படங்களில் பிறை நிலா போலச் சின்னக் கறைகள், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். நெகட்டிவ் மிகவும் கறுத்துவிட்டது. எங்கே தவறு?
(மாணவி, எழும்பூர்)

பதில்: மூன்று நோய், மூன்று மருந்து.

பிறை நிலா பிலிமைச் சுருளில் ஏற்றும்போது மடங்கியதால் வந்தது. 120 பிலிம் 35 மி.மீ. பிலிமைவிட அகலம், ஓரத்தில் பல் துளையும் கிடையாது. இருட்டில் காகிதத்தைப் பிரித்து, ஒட்டுநாடாவைக் கிழித்து, வியர்த்த விரலால் தள்ளினால் நடுவில் நகக்கண் அளவுக்கு மடிந்துகொள்ளும். அந்த இடத்தில் வெளிச்சம் பட்டது போல ரசாயனம் கறுக்கும். காலாவதியான ரோல் ஒன்றைப் பலி கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை ஏற்றிப் பழகுங்கள். கையைத் துவட்டிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள், அதற்காக நடுவில் விளக்கைப் போட்டுவிடாதீர்கள்.

கறுப்பு, நம் ஊர்த் தண்ணீரின் வேலை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம் 20 டிகிரிக்கு. சித்திரையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் முப்பதைத் தாண்டும். ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் ஹெச்பி5 பிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் ஏறத்தாழ 9 நிமிடம் போதும். 24-இல் நிறுத்துவது நமக்கு நடைமுறை. பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டிகளை வெளித் தட்டில் போட்டு, பாட்டில்களை அதில் உட்கார வையுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போட்டால் அளவு நீர்த்துவிடும். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கலர் கழுவுவது இங்கே சுலபம் என்பது விசித்திரம். அதற்கு 38 டிகிரி வேண்டும், நம் வீட்டுக் குழாய் பாதி வேலையை முடித்துவிட்டே வருகிறது.

வெள்ளைப் புள்ளி, போர்வெல் உப்பு. கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரும், அதில் ஈரமூட்டும் திரவம் சில துளியும் போதும். அதன் பிறகு விரலால் வழித்துவிடாதீர்கள், தொங்கவிட்டு அறையைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: பழைய கேமரா வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?
(பல வாசகர்கள்)

பதில்: முதலில், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு, வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து துருத்தி உள்ள கேமரா ஒன்றைக் கூரியரில் வரவழைத்தேன். ‘புத்தம் புதிது போல’ என்று எழுதியிருந்தார். வெளியே உண்மைதான், பளபளவென்று இருந்தது. இரண்டு ரோல் கழுவிய பிறகுதான் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் வெளிச்சக் கீற்று இருப்பது தெரிந்தது. துருத்தியின் மடிப்பு மூலையில் குண்டூசித் துளைகள். இத்தனை வருடம் தொழில் செய்தவன் இருட்டு அறையில் செல்போன் விளக்கை உள்ளே விட்டு ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெட்கத்தில் மூன்று மாதம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பின்பக்கத்தைத் திறந்து, ஒரு நொடி வேகத்தில் ஷட்டரை விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், சீரான ‘கிர்ர்’ ஒலி இடையில் நின்று மறுபடி தொடங்கக் கூடாது. மூடியின் ஓரத்தில் இருக்கும் நுரைப்பட்டையை விரலால் தொடுங்கள், கரும்பாகு போல ஒட்டினால் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு, விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஹாசல்பிளாட் மேகசின் என்றால் கூட்டிலும் உள்செருகியிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். யாஷிகா 124ஜி-யின் லைட் மீட்டர் பாதரச பேட்டரியை நம்பிச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை, மீட்டர் ஓடாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கடைசியாக, விற்பவர் அனுமதித்தால் ஒரு ரோல் ஓட்டுங்கள். படங்களுக்கு இடையிலான வெற்றிடம் ஒரே சீராக இருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்பதைக் கழுவிய பிலிம்தான் சொல்லும். அனுமதிக்காதவரிடம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் துணிச்சல்.

கேள்வி: உங்கள் பழைய கேமராக்களை விற்பீர்களா?
(ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: ஹாசல்பிளாட்டை 2006-ல் விற்றேன். அந்தப் பணத்தில் வாங்கிய டிஜிட்டல் கேமரா இப்போது பேட்டரிகூட ஏறாமல் அலமாரியில் கிடக்கிறது, அதை வேண்டுமானால் இலவசமாகவே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். யாஷிகா விற்பனைக்கு இல்லை. அதற்குள் ஒன்பதாவது படத்தில் ஒரு ரோல் நிற்கிறது.